பார்வையும் தீர்ப்பும்: ரிங்லியின் அறை, ஹாரிஸின் வீடு

இணையத்தில் தன் வாழ்க்கையைத் திறந்து வைத்து வாழ்வது மனத்துக்கு என்ன செய்கிறது என்று இன்று எல்லோரும் கேட்கிறோம். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் பிறக்கும் முன்பே அமெரிக்காவில் இருவர் அப்படி வாழ்ந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர் ஜெனிஃபர் ரிங்லி. 1996 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் டிக்கின்சன் கல்லூரி விடுதி அறையில் ஒரு வெப்கேமைப் பொருத்தி, ‘ஜென்னிகேம்’ என்ற பெயரில் 2003 டிசம்பர் 31 வரை தன் அன்றாடத்தை உலகுக்குக் காட்டியவர். மற்றவர் ஜோஷ் ஹாரிஸ். 2000ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் தன் வீடெங்கும் கேமராக்களை நிறுவி, காதலி டான்யா கொரினுடன் நடத்திய குடும்பத்தை ‘வீ லிவ் இன் பப்ளிக்’ என்ற பெயரில் நேரலையாக்கியவர்.

இரண்டையும் அருகருகே வைத்தால் கணக்கு இடிக்கிறது. ரிங்லி பார்வைக்கு உட்பட்டிருந்தது ஏழரை ஆண்டுக்கும் மேல். ஹாரிஸ் உட்பட்டிருந்தது சில மாதங்கள். பார்க்கப்படுவதுதான் மனத்தை அரிக்கிறது என்றால் அதிகம் சிதைந்திருக்க வேண்டியவர் ரிங்லி. ஆனால் அவர் தன் கேமராவைத் தானே அணைத்துவிட்டு, நிரலாளராக, யாரும் கவனிக்காத சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பினார். ஹாரிஸோ சில மாதங்களிலேயே காதலை இழந்து, மனம் முறிந்து, நகரத்தை விட்டே வெளியேறினார். காலத்தின் நீளம் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. அப்படியானால் விலையை நிர்ணயித்தது எது? இரு வாழ்க்கைகளையும் ஒன்றோடொன்று வைத்து நிறுத்துப் பார்ப்பதற்கான காரணம் இந்தக் கேள்விதான்.

வந்த வழி

இருவருமே நடிப்புத் தொழிலிலிருந்து வந்தவர்கள் அல்லர். கணினியின் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ரிங்லிக்கு முன் இணையக் கேமராக்கள் பொருள்களையும் பிராணிகளையுமே பார்த்துக்கொண்டிருந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், குடுவையில் காபி மிச்சம் இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ள 1991இல் வைத்த கேமரா, 1993இல் இணையத்துக்கு வந்தது. அடுத்து நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தின் அலுவலக மீன்தொட்டி வந்தது. மீனைப் பார்க்கலாம் என்றால் மனிதரையும் பார்க்கலாமே என்ற எண்ணம்தான் பத்தொன்பது வயது ரிங்லியின் தொடக்கம். படத்தை எடுத்துத் தானாகவே தளத்தில் ஏற்றும் நிரலை எழுதிப் பார்க்கும் ஆர்வமும் அதில் கலந்திருந்தது.

ஹாரிஸ் வந்தது வேறொரு வாசல் வழியாக. 1986இல் ஜூபிடர் கம்யூனிகேஷன்ஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தையும், 1993இல் சூடோ என்ற இணையத் தொலைக்காட்சி நிறுவனத்தையும் தொடங்கி, டாட்காம் ஏற்றத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர் அவர். ரிங்லி மாணவி, ஹாரிஸ் முதலாளி. ரிங்லி ஒரு மனுஷியின் அறையைக் காட்டினார். ஹாரிஸ் எல்லோருக்கும் வரப்போகும் காலத்தை முன்கூட்டிக் காட்ட முனைந்தார். தனியுரிமையை மக்கள் தாங்களாகவே விட்டுக்கொடுப்பார்கள், அதுவும் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அந்தக் கணிப்பு பலித்ததை மறுக்க இன்று யாராலும் முடியாது.

இவ்வளவு தூரத்தில் நின்ற இருவரும் ஓர் உறுதியில் ஒன்றுபட்டார்கள். வெட்டாமல், ஒட்டாமல், மெருகேற்றாமல் காட்டுவது என்பதே அது. ரிங்லியின் தளத்தில் பெரும்பாலான நேரம் தெரிந்தது ஆளில்லாத அறை, கலைந்த படுக்கை, அல்லது கணினித் திரையின் வெளிச்சம் விழுந்த ஒரு முகம். ஹாரிஸின் வீட்டிலும் பெரும்பாலான நேரம் நடந்தது சமையல், சாப்பாடு, தூக்கம். இருவருமே சலிப்பையும் சேர்த்தே காட்டினார்கள். வடிகட்டிய முகத்தையும் தேர்ந்தெடுத்த நிமிடத்தையும் மட்டும் வெளியிடும் இன்றைய பழக்கத்தோடு ஒப்பிட்டால், இருவரிடமும் ஒரே வகையான நேர்மை இருந்தது தெரியும்.

போகும் பார்வை, திரும்பும் பார்வை

அப்படியானால் வேறுபாடு எங்கே தொடங்குகிறது? பார்வை உள்ளே போன வழியில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. அது திரும்பி வந்த வழியில்தான் இரண்டும் பிரிகின்றன.

ரிங்லியின் அறையிலிருந்து வெளியே போனவை அசையாப் படங்கள், அதுவும் சில நிமிடங்களுக்கு ஒன்று, ஒலியில்லாதவை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் யாரும் பார்க்காத ஒரு சிறு இடைவெளி இருந்தது. பார்த்தவர்கள் சொல்ல நினைத்தது மின்னஞ்சலாகப் பிறகு வந்து சேரும். அதைப் படிப்பதும் படிக்காமல் விடுவதும் அவர் விருப்பம். வந்தவற்றில் இதமானவையும் இருந்தன. சனிக்கிழமை இரவு போக இடமில்லாமல் வீட்டில் கிடக்கிறோமே என்று நொந்துகொண்டிருந்த ஒருவர், ரிங்லியும் அதே இரவில் துணி துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஆறுதல் அடைந்து எழுதியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு.

ஹாரிஸின் வீட்டில் இருந்தவை ஆளைத் தொடர்ந்து திரும்பும் சுமார் முப்பது கேமராக்கள். கூடவே பல பத்து மைக்குகள். கழிப்பறையும் விலக்கில்லை. ஆனால் அந்த வீட்டின் மிக முக்கியமான கருவி கேமரா என்று சொல்ல முடியாது. அது அரட்டை அறை. பார்ப்பவர்கள் எழுதுவது எழுதிய கணத்திலேயே வீட்டின் திரைகளில் ஓடியது. வீட்டில் இருந்த இருவரும் அதை அந்தக் கணமே படித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்கிறது நம் பழமொழி. ஆனால் ஊர்வாய் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்தான் பேசும். அந்த ஒரு கருணை அதற்கு உண்டு. ஹாரிஸின் வீட்டில் அது முகத்துக்கு நேரே, எழுத்தில், இரவும் பகலும் பேசியது.

இதற்கான ஒத்திகையை அவர் ஏற்கெனவே நடத்தியிருந்தார். 1999 டிசம்பரில், நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில், ‘க்வயட்’ என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பெட்டி போன்ற படுக்கைகளில் அடுக்கிக் குடியமர்த்தினார். சாப்பாடு, மது, தங்குமிடம் எல்லாம் இலவசம். பதிவாகும் காட்சிகள் மட்டும் ஹாரிஸுக்குச் சொந்தம். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கேமரா. கூடவே, மற்ற எந்தப் படுக்கையையும் பார்க்கக்கூடிய ஒரு திரை. அங்கே ஒவ்வொருவரும் காட்சிப்பொருள், ஒவ்வொருவரும் பார்வையாளர். 2000 ஜனவரி முதல் நாளன்று அதிகாரிகள் வந்து அதை மூடினார்கள். கேமராவும் திரையும் ஒரே கூட்டுக்குள் இருந்த அந்த அமைப்பு இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

கண்ணாடியில் தெரிந்தது

சார்ல்ஸ் ஹார்ட்டன் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அவர்கள் நம்மைப் பற்றி என்ன தீர்ப்பு சொல்வார்கள் என்று கற்பனை செய்கிறோம். அதிலிருந்து பெருமையோ அவமானமோ கொள்கிறோம். மனிதரின் சுயம் இப்படிப் பிறரைக் கண்ணாடியாக வைத்தே உருவாகிறது என்பது அவர் வாதம். இதில் கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு படிகளும் கற்பனையில் நடக்கின்றன என்பது. பிறர் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது நமக்கு முழுதாகத் தெரியாது. அந்தத் தெரியாமை ஒரு திரைச்சீலையாக நம்மைக் காத்து வந்தது.

ரிங்லியின் அறையில் அந்தச் சீலை கிழியவில்லை. உச்ச நாள்களில் முப்பது நாற்பது லட்சம் பேர் வரை ஒரு நாளில் பார்த்ததாகச் சொல்லப்பட்டது. ஆனால் அவர் பாத்திரம் கழுவும்போது அந்த லட்சங்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவர் கண்முன் ஓடவில்லை. எத்தனை பேர் பார்த்தாலும், கூலி சொன்ன இரண்டாவது படி அவருக்குக் கற்பனையாகவே இருந்தது. ஹாரிஸின் வீட்டில் அந்தப் படி கற்பனையாக இருப்பதை நிறுத்திவிட்டது. தீர்ப்பு எழுத்துருவில் வந்தது. பார்த்தவர்களின் எண்ணிக்கை ரிங்லியின் கூட்டத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. ஆனாலும் அந்தச் சிறு கூட்டத்தின் தீர்ப்பு வீட்டில் இருந்த இருவருக்கும் தெரிந்திருந்தது.

அதன் விளைவு அந்த வீட்டின் சண்டைகளில் வெளிப்பட்டது. ஹாரிஸும் கொரினும் சண்டையிட்டால், சண்டை முடிந்ததும் ஒருவரையொருவர் நாடவில்லை. ஆளுக்கொரு கணினியின் முன் போய் உட்கார்ந்து, யார் பக்கம் நியாயம் என்று கூட்டம் சொல்கிறது எனப் பார்த்தார்கள். ஒரு சண்டைக்குப் பின் அவரைச் சோபாவில் படுக்கச் சொல் என்று கொரினுக்கு யோசனை சொன்னவர்களும் பார்வையாளர்களே. இரண்டு பேர் தமக்குள் தேடிக்கொள்ள வேண்டிய சமாதானத்தை மூன்றாவதாக ஒரு கூட்டம் வாங்கிக்கொண்டது. கொரின் வெளியேறினார். தனித்துவிடப்பட்ட ஹாரிஸிடம் கூட்டத்தின் குரல் கொடியதாக மாறியது. பிறகு கூட்டமும் கரைந்தது. டாட்காம் சரிவில் செல்வமும் அதற்குள் கரைந்திருந்தது. பின்னாளில் ஹாரிஸ், அந்த உறவே ஒரு நடிப்பு, கொரின் அதில் ஒரு பாத்திரம் என்று சொன்னார். நேசித்ததா நடித்ததா என்று தன் வாழ்வைப் பற்றித் தானே உறுதியாகச் சொல்ல முடியாத நிலைக்கு ஒருவர் வந்து சேர்வதே அந்தப் பரிசோதனையின் மிகப் பெரிய விலை என்று நான் கருதுகிறேன்.

ரிங்லியும் விலை கொடுத்தார்

இங்கே தராசை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடக் கூடாது. ரிங்லியின் ஏழரை ஆண்டும் அமைதியாகக் கழியவில்லை. அவருக்கு நேர்ந்த இரண்டு இடர்களையும் கூர்ந்து பார்த்தால், அவை ஹாரிஸின் வீட்டில் நடந்ததற்கு எதிர்பாராத வகையில் உறவாக இருக்கின்றன.

முதல் இடர் கல்லூரிக் காலத்தது. தொடக்கத்தில் அவர் எப்போதாவது கேமராவுக்காகவே ஆடை களைந்து ஆடியதுண்டு. அதைக் கண்டுகொண்ட கணினி ஊடுருவிகள் சிலர், இன்னும் காட்டச் சொல்லிக் கட்டளையிட்டு, மறுத்தபோது கொலைமிரட்டல் விடுத்தார்கள். அதன்பின் அவர் கேமராவுக்காக ஆடுவதை விட்டார். கேமரா இருக்கும் இடத்தில் வாழ்வதை மட்டும் தொடர்ந்தார். பார்ப்பவரை நோக்கி எதையாவது செய்தால், பார்ப்பவர் கேட்க உரிமை பெற்றுவிடுகிறார் என்பதை அவர் அந்த வயதிலேயே புரிந்துகொண்டார்.

இரண்டாவது இடர் 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது வந்தது. அவரைப் போலவே கேமராத் தளம் நடத்திய ஒரு தோழி அங்கே அவருக்கு உதவினார். அந்தத் தோழிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவரோடு ரிங்லிக்கு ஏற்பட்ட நெருக்கம் கேமராக்களின் முன்னேயே வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அவரை நேசித்துப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகளும் கடுமையாக எழுதின. தொலைக்காட்சியில் தினமும் தோன்றுபவரைத் தம் நண்பராகவே கருதும் ஒருதலை நட்பைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் 1956லேயே எழுதியிருக்கிறார்கள். அந்த நட்பில் துரோகமும் ஒருதலையாகவே உணரப்படும். முன்பின் தெரியாத ஒருத்தி தமக்குத் துரோகம் செய்துவிட்டதாக ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள்.

ஆக, ரிங்லி மிகவும் வருந்திய தருணங்கள் எவை? பார்க்கப்பட்டதால் வந்தவை குறைவு. கட்டளைக்கும் தீர்ப்புக்கும் உள்ளானதால் வந்தவையே மிகுதி. ஹாரிஸின் வீட்டில் நாள்தோறும் நடந்தது ரிங்லிக்கு எப்போதாவது நடந்தது. விலையின் அளவு வேறு. எதற்காகக் கொடுத்தார்கள் என்பது ஒன்றே.

பொத்தான் யார் கையில்

இன்னொரு வேறுபாட்டையும் நிறுக்க வேண்டும். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் மனித வாழ்க்கையை முன்மேடை, பின்மேடை என்று பிரித்துப் பேசினார். வேடத்தைக் களைந்து இளைப்பாறும் பின்மேடை இல்லாமல் யாராலும் முன்மேடையில் நிற்க முடியாது. ரிங்லிக்குப் பின்மேடை இருந்தது. வகுப்புக்கும் வேலைக்கும் கடைக்கும் போனபோது கேமரா அறையிலேயே நின்றுவிட்டது. தொடங்கியதும் நிறுத்தியதும் அவரே. ஆடையில்லாக் காட்சிகளை முன்னிட்டுப் பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனம் அவர் தளத்தின் சந்தா வசூலுக்கு வழியடைத்தபோது, 2003இன் கடைசி நாளோடு நிறுத்திக்கொள்ளும் முடிவையும் அவரே எடுத்தார்.

ஹாரிஸின் வீட்டில் பின்மேடை ஒழிக்கப்பட்டிருந்தது. பொத்தான் ஹாரிஸ் கையில் இருந்தது. கொரின் கையில் இல்லை. ‘க்வயட்’டில் படுத்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களின் கையிலும் இல்லை. கொரினுக்கு இருந்த ஒரே வழி வெளியேறுவது. சொந்தக் கேமராவின் முன் வாழ்வதும் இன்னொருவர் கேமராவின் முன் வாழ்வதும் பார்ப்பவருக்கு ஒன்றுபோல் தெரியும். வாழ்பவருக்கு அவை இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆயினும் முடிவில் இருவரும் நம்மை வியக்க வைக்கும் அளவுக்கு ஒருவரை ஒருவர் ஒத்திருக்கிறார்கள். உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட பெண்களில் ஒருவரான ரிங்லி, சமூக ஊடகங்களின் காலம் பிறந்த நேரத்தில் அதிலிருந்து விலகி நின்றார். உலகமே கேமராவின் முன் வரும் என்று அறிவித்த ஹாரிஸ், நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஓர் ஆப்பிள் தோட்டத்துக்குப் போனார். பிறகு எத்தியோப்பியாவுக்கே போனார். அவர் கதையை ஒன்டி டிமோனர் எடுத்த ஆவணப்படம் 2009இல் சண்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்றபோது, அவர் சொன்ன எதிர்காலம் வந்துவிட்டிருந்தது. ஆனால் அவர் அதில் இல்லை. வழியை முதலில் கண்ட இருவருமே அந்த வழியில் குடியிருக்க மறுத்துவிட்டார்கள்.

நாம் குடியேறியது எந்த வீடு

அதே 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் லைக் பொத்தானை அறிமுகப்படுத்தியது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு தீர்ப்பு எண்ணாக நிற்கிறது. நாம் குடியேறியிருப்பது ரிங்லியின் அறையில் அன்று, ஹாரிஸின் வீட்டில். தொலைக்காட்சியின் ‘பிக் பிரதர்’ வழியில் வந்து 2017 முதல் தமிழிலும் ஓடும் பிக் பாஸ் வீட்டில்கூட, உள்ளே இருப்பவர்களுக்குக் கைபேசி கிடையாது. ஊரின் தீர்ப்பு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் சிறிதளவே எட்டுகிறது. நமக்கு அந்த இடைவெளியும் இல்லை. கணவன் மனைவி சண்டையை ரீலாக்கி, பின்னூட்டங்களில் நியாயம் தேடும் இன்றைய காணொளிகள், 2000இல் அந்த நியூயார்க் வீட்டில் நடந்ததையே மீண்டும் நடத்துகின்றன.

நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2019இல் கனடாவில் தொடங்கிச் சில நாடுகளில் லைக் எண்ணிக்கையை மறைத்துச் சோதித்த இன்ஸ்டாகிராம், 2021இல் அதைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டது. யூடியூப் 2021 நவம்பரில் ‘டிஸ்லைக்’ எண்ணிக்கையைப் பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைத்தது. காணொளியை ஏற்றியவருக்கு அது இன்னும் தெரியும். மறைக்க வேண்டிய கண்ணுக்குக் காட்டி, காட்டினாலும் கேடில்லாத கண்ணுக்கு மறைத்திருக்கிறார்கள்.

பொத்தான் கையில் இல்லாதவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. பெற்றோரின் காணொளிகளில் வளரும் குழந்தைகள், கொரினைப் போல இன்னொருவர் கேமராவின் முன் வாழ்பவர்கள். கொரினைப் போல வெளியேறவும் முடியாதவர்கள். பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டம் அவர்கள் வருமானத்தைக் காத்ததோடு, காணொளியை நீக்கக் கேட்கும் உரிமையையும் அவர்களுக்குத் தந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு தருகிறது. பணத்தைக் காப்பது நல்லது. நீக்கும் உரிமை அதனினும் நல்லது. ஏனெனில் அது பொத்தானைக் குழந்தையின் கையில் கொடுக்கிறது.

இரு வாழ்க்கைகளையும் நிறுத்துப் பார்த்ததில் நான் வந்து சேரும் முடிவு இது. பார்க்கப்படுவதற்கு ஒரு விலை உண்டு; அதை மனிதரால் தாங்க முடிகிறது. நிமிடத்துக்கு நிமிடம் தீர்ப்பைப் படித்துக்கொண்டு வாழ்வதற்கான விலை அதைவிடப் பன்மடங்கு. அதிலும் பொத்தான் கையில் இல்லாதவர் கொடுப்பது இரட்டை விலை. ஆகவே உங்கள் வாழ்க்கையில் ஒரு பகுதியை வெளியே வைக்க விரும்பினால் வையுங்கள். ஆனால் எண்ணிக்கையை மறைத்துவையுங்கள், பின்னூட்டங்களுக்கு நேரம் குறியுங்கள், நெருங்கியவரோடு வந்த சண்டையை ஊர் முன் கொண்டுபோகாதீர்கள், குழந்தையின் முகத்தை அது வளர்ந்து சம்மதிக்கும் வரை வெளியிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, பிறர் வாழ்க்கையைத் திரையில் பார்க்கும்போது நாமும் நீதிபதிகளாகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். யாரும் கேட்காத தீர்ப்பை எழுதாமல் விடுவது நம் ஒவ்வொருவராலும் இன்றே செய்யக்கூடியது.